பெரிய வாய்க்காலுக்கு மேற்கே: தமிழர் பகுதி வீடுகளைக் காக்க எந்த வழி?

என் பெரியம்மாவின் வீடு புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதித் தெரு ஒன்றில் இருக்கிறது. மனையின் அகலம் 22 அடி. ஆழம் 110 அடி. தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதையடுத்துத் திண்ணை, பிறகு பித்தளைக் குமிழ் பதித்த கதவு, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள், கடைசியில் கிணற்றடி என்று வீடு நீண்டுகொண்டே போகும். பெரியப்பா காலமான பின் ஐந்து பிள்ளைகளுக்கும் பாகம் பிரிக்க வேண்டிய கட்டம் வந்திருக்கிறது. இருவர் பிரான்சில் இருக்கிறார்கள், ஒருவர் சென்னையில், கடைசித் தங்கை கடலூர் மஞ்சக்குப்பத்தில். மூத்த அண்ணன் மட்டும் பெரியம்மாவோடு அங்கேயே குடியிருக்கிறார். சென்ற மழைக்காலத்தில், தெருப்பக்கச் சுவருக்குள் பதிந்திருக்கும் தேக்கு உத்திரத்தின் முனை ஈரம் குடித்து நைந்துவிட்டது. மனையைப் பார்க்க வந்த தரகர் தாழ்வாரத்தில் நின்றபடியே கணக்கைச் சொல்லிவிட்டார்: விலை மண்ணுக்குத்தான், வீட்டுக்கு இல்லை, இடித்துக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கித் தரலாம்.

தமிழர் பகுதியில் பழைய வீடு வைத்திருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு வடிவத்தில் இந்தக் கணக்கைக் கேட்டிருக்கும். ஊரின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இது நகரத் திட்டமிடலின் கேள்வியாகிறது. பழைய வீடுகளையும் பழைய தெருக்களையும் காக்க வேண்டும் என்பதில் மேடையில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தக் கருவியைக் கொண்டு காப்பது, அதற்கான செலவு யார் தலையில் விழும் என்று வரும்போதுதான் வழிகள் பிரிகின்றன. கட்டடங்களைப் பட்டியலிட்டு இடிக்கத் தடை விதிக்கலாம். தெரு முழுவதற்கும் வடிவ விதிகளை எழுதலாம். கட்டாமல் விட்ட பரப்பை வேறிடத்தில் விற்கும் உரிமையை உரிமையாளருக்குத் தரலாம். பழுதுபார்க்கப் பொதுப்பணத்திலிருந்து ஒரு பங்கு தரலாம். எதையும் செய்யாமல், விடுதிக்காரர்கள் வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளட்டும் என்று சந்தையிடம் விட்டுவிடலாம். இவற்றை ஒப்பிடும்போது என் மனதில் நிற்கும் அளவுகோல் இரண்டுதான். சட்டம் வந்து பத்து ஆண்டு கழித்தும் அந்த வீட்டில் ஒரு குடும்பம் சோறு பொங்கிச் சாப்பிடுமா என்பது முதலாவது. ஒரு வீடு தப்பிப் பக்கத்து வீடுகள் போனால் அந்தத் தெரு என்ன ஆகும் என்பது இரண்டாவது.

வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுப் பகுதி ஏன் நின்றது, மேற்கே உள்ளது ஏன் கரைகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கிழக்கில் பலித்ததாக நாம் நினைக்கும் மருந்தை மேற்குக்கும் எழுதிக்கொடுத்துவிடுவோம். 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட, கட்டம் கட்டமான வீதித் திட்டம்தான் இரு பகுதிகளுக்கும் அடிப்படை. 1761-ல் ஆங்கிலேயர் கோட்டையையும் ஐரோப்பியர் குடியிருப்பையும் தரைமட்டமாக்கிய பிறகு இன்று நாம் காணும் பிரெஞ்சுப் பகுதி எழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் 1738-ம் ஆண்டு வீடு அந்த அழிவுக்குத் தப்பி இன்னும் நிற்கிறது. அதன் கீழ்த்தளத்தில் மரத்தூண்களும் மேல்தளத்தில் பிரெஞ்சு பாணிச் சுதைத் தூண்களும் இருப்பதைப் பார்த்தால், இந்த ஊரில் இரண்டு கட்டடக் கலைகள் ஒன்றன்மேல் ஒன்று குடியேறிய விதம் விளங்கும். ஆனால் பிரெஞ்சுப் பகுதி இன்று வரை முகம் மாறாமல் இருப்பதற்குச் சட்டம் முதல் காரணம் அல்ல என்பதே என் கணிப்பு. அங்கே உள்ள கட்டடங்களில் பெரும்பங்கு அரசு, ஆசிரமம், தேவாலயம், பிரெஞ்சுத் துணைத் தூதரகம், பள்ளிகள் போன்ற நிறுவனங்களின் கையில் இருக்கிறது. நிறுவனங்களுக்குப் பாகப்பிரிவினை கிடையாது. மகள் கல்யாணத்துக்காக அவை வீட்டை விற்பதில்லை. மேற்கே தமிழர் பகுதியிலும் முஸ்லிம் பகுதியிலும் உரிமையாளர்கள் பெரும்பாலும் குடும்பங்கள். மனை குறுகியது, வாரிசு அதிகம், நேரு வீதியும் மகாத்மா காந்தி வீதியும் கடைவீதிகளாக வளர்ந்து பக்கத்துத் தெருக்களின் மண்விலையைத் தூக்கிவிட்டன. கிழக்கில் உரிமையாளரின் தன்மையே பாதுகாப்பாக இருந்தது. மேற்கில் அதே தன்மைதான் நெருக்கடி.

இப்போது பட்டியல் வழியைப் பார்க்கலாம். இந்தியாவில் நகரத் திட்டமிடல் விதிகளுக்குள் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலை முதலில் கொண்டுவந்தது பம்பாய். அங்கே 1995-ல் வந்த விதிகள் கட்டடங்களை முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரித்து, தரத்துக்கேற்ப எவ்வளவு மாற்றலாம் என்று வரையறுத்து, ஆலோசனைக் குழு ஒன்றின் ஒப்புதலையும் கட்டாயமாக்கின. அதே ஆண்டு ஐதராபாத்தும் அந்த வழியில் சென்றது. புதுச்சேரியில் 1984 முதல் இயங்கிவரும், இன்டாக் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் கிளை தெருத்தெருவாகச் சென்று பாரம்பரியக் கட்டடங்களைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. 1969-ம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் திட்டக் குழுமத்துக்கும் பாரம்பரியம் குறித்து ஆலோசனை சொல்லும் குழு இருக்கிறது. பட்டியலின் நன்மை அதன் தெளிவு. எந்தக் கதவிலக்கம், என்ன தரம், எதைத் தொடக்கூடாது என்பது எழுத்தில் இருக்கும். நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஆவணம் அது.

குறைகள் இரண்டு. ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்த்துவிட்டு அதன் உரிமையாளருக்கு வேறொன்றும் தராவிட்டால், அன்று முதல் அவர் அந்த வீட்டின் எதிரியாகிவிடுகிறார். இடிக்க அனுமதி கிடைக்காது என்றால் பழுதுபார்க்காமல் விடலாமே. ஓட்டில் ஒரு விரிசல், அடைபட்ட ஒரு மழைநீர்க் குழாய், இரண்டு ஐப்பசி, இவ்வளவு போதும். அதற்குப் பிறகு பொறியாளர் வந்து "அபாயகரமான கட்டடம்" என்று சான்று எழுதுவார். தடையை மதித்தே வீட்டைக் கொல்லும் இந்த வழி எல்லா ஊர்களிலும் தெரிந்ததுதான். மற்றொரு குறை, எட்டாம் எண் வீடு பட்டியலில் இருந்து ஏழும் ஒன்பதும் இல்லாவிட்டால் வருவது. இரண்டு பக்கமும் நான்கு மாடி எழும்பியபின், நடுவே முற்றத்தில் வெயில் படாத ஒரு பள்ளமாக அந்த வீடு மிஞ்சும். தமிழ் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி, ஒருவர் சுவரில் மற்றவர் சாய்ந்து நிற்பவை. தனித்தனியாகக் கணக்கெடுக்கலாமே தவிர, தனித்தனியாக அவற்றைக் காப்பாற்ற முடியாது.

பட்டியலும் அரசுடைமையும் சேர்ந்திருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்குக் கடற்கரைச் சாலையிலேயே பதில் இருக்கிறது. 1870-71-ல் கட்டப்பட்ட மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் ஊரின் அடையாளங்களில் ஒன்று, உடைமை அரசுடையது, அதன் அருமை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் 2014 நவம்பர் 29 அன்று மழையில் அது இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியுதவியில் அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021 பிப்ரவரி 25 அன்று திறந்து வைத்தார்கள். இப்போதிருப்பது நல்ல நகல். விழுவதற்கு முன் ஆண்டுதோறும் கூரையையும் நீர்போக்கையும் பார்ப்பதற்கு ஆகியிருக்கக்கூடிய செலவு, மறுகட்டுமானச் செலவின் பக்கத்திலேயே வந்திருக்காது. தடைச் சட்டம் கூரையில் ஏறி ஓடு மாற்றாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற வழியைச் சிலர் முன்வைப்பதுண்டு. பழைய துறைமுக அகழாய்வு இடமான அரிக்கமேட்டுக்கு அது பொருந்தும். 2010-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்று வகுக்கும் சட்டத்தை, ஆட்கள் குடியிருக்கும் தெருவுக்குள் கொண்டுவந்தால் யாரும் கழிவறைகூடக் கட்டிக்கொள்ள முடியாது. அதை இங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்தது தெரு விதி. கட்டடத்தைத் தனியாகப் பாராமல் ஒரு தெருவையோ பகுதியையோ ஒரே உருவமாக எடுத்துக்கொண்டு, அங்கே பழையதானாலும் புதியதானாலும் எந்தக் கட்டடமும் இந்த உயரத்தைத் தாண்டக்கூடாது, இந்தத் தெருக்கோட்டை விட்டு விலகக்கூடாது, முகப்பில் இத்தனை அடிக்குத் தாழ்வாரம் இருந்தாக வேண்டும் என்று எழுதுவது இந்த வழி. இதன் தாய்ச்சட்டங்களில் ஒன்று பிரான்சின் மல்ரோ சட்டம். அது நிறைவேறிய நாள் 1962 ஆகஸ்ட் 4. அதே மாதம் 16-ம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. பன்னிரண்டு நாள் வித்தியாசத்தில் அந்தச் சட்டத்தின் எல்லையிலிருந்து நாம் வெளியே வந்துவிட்டோம் என்று நண்பர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதை இங்கே அமல்படுத்தியிருப்பார்களா என்பது வேறு கதை. மல்ரோ சட்டம் பகுதி முழுவதற்கும் ஒரே பாதுகாப்புத் திட்டம் வகுத்ததோடு, பழுதுபார்க்கும் உரிமையாளருக்கு வருமான வரியில் சலுகையையும் சேர்த்துக் கொடுத்தது. பாரிசின் மரே பகுதி அப்படிக் காப்பாற்றப்பட்டதுதான். கட்டடங்கள் தப்பின, ஆனால் வாடகையும் விலையும் ஏறி, அங்கிருந்த கைவினைஞர்களும் ஏழைக் குடித்தனங்களும் மெல்ல வெளியேறினார்கள். விதியைக் கடன் வாங்கும்போது அதன் பின்விளைவையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் தெருக்களுக்கு இந்த வழி ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஒரு நெருக்கமான காரணம் உண்டு. தமிழர் பகுதியின் அழகு ஒரு வீட்டின் முகப்பில் இல்லை. தாழ்வாரங்களின் வரிசையில் இருக்கிறது. ஒரு வீட்டின் தாழ்வாரம் முடியும் இடத்தில் அடுத்த வீட்டுடையது தொடங்கும். மழையில் குடையில்லாமல் தெருவின் பாதி தூரம் போய்விடலாம். வெயிலில் தபால்காரரும் கீரைக்காரம்மாவும் அதன் நிழலிலேயே நடப்பார்கள். ஆனால் நவீன கட்டட விதிகள் பொதுவாக என்ன கேட்கின்றன? முன்னால் இத்தனை அடி இடம் விடு, வாகனம் நிறுத்தத் தரைத்தளத்தைத் தூண்களோடு திறந்து வை என்கின்றன. புறநகர் மனைப்பிரிவுக்கு அது நியாயம். ஒட்டுவீட்டுத் தெருவில் அதே விதியைப் பின்பற்றிக் கட்டும்போது, வரிசையில் ஒரு பல் விழுந்தது போலக் கட்டடம் உள்வாங்கிக்கொள்ளும். திண்ணை இருந்த இடத்தில் இரண்டு ஸ்கூட்டரும் ஒரு ஜெனரேட்டரும் நிற்கும். சட்டத்தை மீறியவரை விடச் சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றியவரே தெருவை அதிகம் உடைக்கிறார். ஆகவே பழையவற்றைக் காக்கும் விதியை விட, அந்தத் தெருவில் எழும் புதியவற்றுக்கான விதிதான் முதலில் திருந்த வேண்டும். முன்பக்கம் இடம் விடக்கூடாது. பக்கச் சுவர் ஒட்டியே வர வேண்டும். தரைத்தள வாகன நிறுத்தம் கூடாது. தெருவை ஒட்டி இரண்டு தளத்துக்கு மேல் எழும்பினால் மூன்றாவது தளம் பின்வாங்கி, தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாதபடி நிற்க வேண்டும். இதை எழுத அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இதற்கு வரும் எதிர்ப்பும் நியாயமானதே. மூன்றாவது மாடி கட்டி வாடகைக்கு விட்டுப் பிழைக்க நினைத்த குடும்பத்துக்கு, உயரக் கட்டுப்பாடு என்பது வருமானக் குறைப்பு. வாகனம் எங்கே நிறுத்துவது என்ற கேள்வியும் உண்மையானது. ஆனால் பட்டியல் வழியில் நஷ்டம் முழுவதும் எட்டாம் எண் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. தெரு விதியில் அது எல்லார் மேலும் சமமாகப் பரவுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் நான்கு மாடி கட்ட முடியாது என்பது எனக்கும் ஒரு லாபம். என் முற்றத்தில் வெயில் விழும். கட்டுப்பாட்டுக்கு எதிரே அதே தெருவில் ஒரு கைமாறும் கிடைக்கிறது என்பதால்தான் இந்த வழியை மற்றவற்றுக்கு முன்னால் வைக்கிறேன்.

மூன்றாவது வழியான வளர்ச்சி உரிமை மாற்றத்தை, அதாவது எல்லாரும் டி.டி.ஆர். என்று சொல்வதை, வல்லுநர் கூட்டங்களில் பெரிதாகப் பேசுகிறார்கள். கணக்கு எளிது. பெரியம்மாவின் மனை 2,420 சதுர அடி. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு 2 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 4,840 சதுர அடி வரை கட்டலாம். இப்போதிருக்கும் வீடு முற்றம் போக ஏறத்தாழ 1,800 சதுர அடி. மீதி 3,040 சதுர அடியைக் கட்டாமல் விட்டுக்கொடுத்ததற்காக அவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். ஊரின் வேறு பகுதியில் அனுமதிக்கு மேல் கட்ட விரும்பும் கட்டுமான நிறுவனம் அதை விலைக்கு வாங்கிக்கொள்ளும். வீட்டுக்காரருக்குப் பணம், அரசுக்குச் செலவில்லை, வீடு நிற்கிறது. பம்பாய் இதைச் செய்தது; 2017-ல் உலகப் பாரம்பரிய நகரமான அகமதாபாத்தும் தன் பழைய மர வீடுகளுக்காக இதைக் கையில் எடுத்தது. ஐந்து வாரிசுகள் பங்கு கேட்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்றே காகிதத்தில் தோன்றும்.

புதுச்சேரியில் இது நடக்காது என்று நான் நினைப்பதற்குக் காரணம் ஊரின் எல்லைக்கோடு. சான்றிதழுக்கு மதிப்பு வருவது, அதை வாங்க ஆள் இருந்தால்தான். வாங்குபவர் வருவது, கூடுதல் பரப்புக்காகக் காசு கொடுத்தாவது கட்டியாக வேண்டும் என்ற இட நெருக்கடி இருந்தால்தான். பம்பாய்க்குப் புறநகர் முழுவதும் அதே மாநகராட்சிக்குள் இருந்தது. புதுச்சேரி வட்டாரமோ 293 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒரே துண்டு இல்லை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கும் துண்டுகள். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. கோரிமேட்டைத் தாண்டினாலும் தமிழ்நாடு. தெற்கே கடலூர்ச் சாலையில் முள்ளோடையைத் தாண்டினாலும் அதே. நகரத்தில் சான்றிதழ் வாங்கி மேலே கட்டுவதற்குப் பதில், ஒரு கட்டுமான நிறுவனம் மூன்று கிலோமீட்டர் வடக்கே போய் வேறொரு அரசின் சட்டத்தின் கீழ் விரிந்த மனையை வாங்கிக்கொள்ளும். நம் சான்றிதழ் அந்த எல்லையைத் தாண்டிச் செல்லாது. இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரே திட்டப் பகுதியை அறிவித்தால் கதை மாறலாம். அதுவரை இதை நம்பி ஒரு குடும்பத்தை இடிக்காமல் காத்திருக்கச் சொல்வது, செல்லாத காசோலையைக் கையில் கொடுப்பதற்குச் சமம்.

விடுதி வழி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. பெருமாள் கோயில் வீதியில் மேசோன் பெருமாள் என்ற பெயரில் ஒரு பழைய தமிழ் வீடு முற்றமும் தூண்களும் கெடாமல் விடுதியாகியிருக்கிறது. அங்கே செய்திருக்கும் மரவேலையைப் பார்த்த எந்த ஆசாரியும் குறை சொல்ல மாட்டார். பணம் உள்ளவர் வாங்கினால் சுண்ணாம்புக்கு வழி பிறக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எத்தனை விடுதி? சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி ஞாயிறுகளில் வரும் கூட்டத்துக்கு ஓர் அளவு உண்டு. வாய்க்காலுக்கு மேற்கே உள்ள எல்லா வீடுகளையும் அது நிரப்பிவிடாது. நிரப்பினாலும் வேறு சிக்கல். பினாங்கின் ஜார்ஜ் டவுனில், நம் தமிழர்கள் இரண்டு நூற்றாண்டாக வாழும் அந்த ஊரில், வாடகைக் கட்டுப்பாடு 2000-ம் ஆண்டுத் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்ததும், பழைய கடைவீடுகளிலிருந்து குடித்தனங்கள் கொத்துக்கொத்தாக வெளியேறின. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்தபின் உணவகங்களும் விடுதிகளும் அந்த இடங்களுக்கு வந்தன. கட்டடம் பளிச்சென்று இருக்கிறது. மாலையில் வாசலில் உட்காரும் ஆள் மாறிவிட்டார். பிரெஞ்சுப் பகுதியின் சில தெருக்களில் திங்கட்கிழமை காலை நடந்து பாருங்கள், இதே உணர்வு வரும். தெருவுக்கு இரண்டு மூன்று விடுதி என்ற வரம்போடு இந்த வழியை வைத்துக்கொள்ளலாம். ஊரின் கொள்கையாக ஆக்கிவிட முடியாது.

கடைசியாக, பழுதுபார்ப்பு நிதி. இதில் புதுச்சேரிக்குத் தன் சொந்த அனுபவமே இருப்பதால் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. கால்வே சுப்பராய செட்டி வீதி என்ற பெயர்ப்பலகை இருந்தாலும் எல்லாரும் வைசியாள் வீதி என்றே சொல்லும் தெருவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நவ்-சுர்-லோவும் துணையாக நிற்க, இன்டாக் மேற்பார்வையில் 2002-க்கும் 2004-க்கும் இடையே முகப்புகளைச் சீரமைத்தார்கள். செலவில் ஒரு பங்கு திட்டத்தினுடையது. மறுபங்கை உரிமையாளர்கள் போட்டார்கள். தாழ்வாரங்கள் திரும்பி வந்தன. கீழே தமிழ்த் திண்ணை, மேலே பிரெஞ்சு வளைவு என்று இருந்த வீடுகளின் முகம் தெளிந்தது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது விருது அல்ல. தன் பங்குப் பணத்தைப் போட்ட வீட்டுக்காரர், அந்த வீட்டை அரசு தன்மேல் சுமத்திய பாரமாகப் பார்க்க மாட்டார்; அதுதான் முக்கியம். பட்டியல் வழியில் எதிரியானவர் இங்கே பங்காளியாகிறார்.

இதற்கும் ஓட்டை உண்டு. அங்கே சீரமைத்தது பெரும்பாலும் முகப்பு. உள்ளே கூரை ஒழுகினால் முகப்பின் அழகு எத்தனை மழைக்குத் தாங்கும்? எங்கள் வட்டாரத்து வீடுகளின் தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் சரங்களை, அதாவது குறுக்குக் கட்டைகளை, பரப்பி, சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டிக் கெட்டிப்படுத்தியது. நூறு ஆண்டு தாண்டியும் நடுத்தளம் கல்லாக இருக்கும். கெடுவது உத்திரத்தின் முனை, சுவருக்குள் மறைந்திருக்கும் அந்த ஒரு முழம். பெரியம்மா வீட்டில் இருபது ஆண்டுக்கு முன் தெருச்சுவருக்கு யாரோ சிமென்ட் பூச்சு பூசிவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமென்ட் அதன் வாயை அடைத்துவிடும். உள்ளே தேங்கிய ஈரம் மரத்தின் முனைக்குப் போயிற்று. பார்க்க வந்த ஆசாரி ஓர் உளியால் அந்த இடத்தைத் தட்டினார்; வெளியே பார்க்க மரமாகத் தெரிந்தது, உள்ளே ஊறிய ரஸ்க் போல உதிர்ந்தது. ஆனால் உத்திரத்தை முழுவதும் மாற்ற வேண்டாம், கெட்ட முனையை அறுத்துவிட்டு நல்ல தேக்கை ஒட்டுப் போட்டு இரும்புப் பட்டை கட்டினால் போதும், சிமென்ட்டைச் செதுக்கிச் சுண்ணாம்பு பூசுங்கள் என்றார். இடித்துக் கட்டுவதோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. ஆனாலும் அண்ணனிடம் அது மொத்தமாக இல்லை. பொதுச்சுவர், ஐந்து பேர் சொத்து என்பதால் வங்கிக் கடனும் எளிதில் கிடைப்பதில்லை. ஒருவர் மட்டும் பணம் போட்டால் பாகம் பிரியும்போது அதை யார் கணக்கில் வைப்பது என்ற முணுமுணுப்பு வேறு.

நிதி எதற்குப் போக வேண்டும் என்பதை இந்த இடமே சொல்லிவிடுகிறது. முதலில் கூரை, உத்திர முனை, மழைநீர்ப் போக்கு, சுண்ணாம்புப் பூச்சு. முகப்பு வண்ணம் கடைசி. பெரிய தொகை சில வீடுகளுக்கு என்பதைவிடச் சிறிய தொகை பல வீடுகளுக்கு என்று இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் கேட்டால், பிரான்சில் இருக்கும் மகனுக்காக உத்திரம் காத்திருக்காது. குடியிருக்கும் ஒருவரின் கையெழுத்தே போதும் என்று வைத்து, கொடுத்த தொகையை சொத்தின் மேல் பதிவு செய்துகொண்டு, பத்து ஆண்டுக்குள் வீட்டை இடித்தாலோ விற்றாலோ திருப்பித் தர வேண்டும் என்று எழுதலாம். இதோடு, குடியிருக்கும் வாரிசு மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்ளக் கூட்டுறவு வங்கி வழியாகக் குறைந்த வட்டிக் கடன் கிடைத்தால், தமிழர் பகுதியில் இடிப்புக்கான முதல் காரணத்தையே தொட்டுவிடலாம் என்று நம்புகிறேன். நகரத் திட்டமிடல் நூல்களில் பாகப்பிரிவினை என்றொரு அத்தியாயம் இருப்பதில்லை. நம் தெருக்களில் கட்டடங்களின் ஆயுளை நிர்ணயிப்பது பெரும்பாலும் அதுதான்.

கடலூருக்கு இதே வரிசை பொருந்துமா என்று தங்கை கேட்டாள். பொருந்தாது. அங்கே தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் எச்சம், மஞ்சக்குப்பத்தில் கார்டன் ஹவுஸ் என்று முக்கியமானவை தனித்தனிக் கட்டடங்களாகச் சிதறி நிற்கின்றன. அவற்றுக்குத் தமிழ்நாட்டின் 2012-ம் ஆண்டு மரபு ஆணையச் சட்டத்தின் கீழ் ஒழுங்கான பட்டியலே முதல் வேலை. முதுநகரின் பழைய வணிகர் தெருக்களில் மட்டும் தெரு விதிக்கு இன்னும் இடம் இருக்கிறது. தானே புயல் 2011 டிசம்பரில் இரண்டு ஊர்களையும் ஒரே இரவில் அடித்துவிட்டுப் போனது. கருவி மட்டும் ஊருக்கு ஊர் வேறாகத்தான் இருக்கும்.

ஆக, புதுச்சேரியின் தமிழர் பகுதிக்கு நான் சொல்லும் வரிசை இது: செலவில்லாத தெரு விதியை இந்த ஆண்டே அறிவிப்பது, அதோடு கூரைக்கும் உத்திரத்துக்குமான சிறு நிதியைத் தொடங்குவது, ரங்கப் பிள்ளை வீடு போன்ற ஈடில்லாதவற்றுக்கு மட்டும் கடுமையான முதல் தரப் பட்டியலை வைத்துக்கொள்வது, விடுதிகளுக்குத் தெருவாரியாக வரம்பு, டி.டி.ஆர். பேச்சைத் தமிழ்நாட்டு அரசோடு உடன்பாடு வரும் நாளுக்கு ஒத்திப்போடுவது. தெரு விதி முதலில் வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குத் தரகரே காரணம். மூன்று மாடி எழுப்பலாம், தரைத்தளத்தை வாகன நிறுத்தமாக்கலாம் என்ற எதிர்பார்ப்பு மண்விலையில் ஏறியிருக்கும் வரை, எந்த நிதியும் அவர் சொல்லும் தொகையோடு போட்டியிட முடியாது. அந்த எதிர்பார்ப்பு போனால் மண்விலை சற்று இறங்கும். வீட்டுக்கும் ஒரு விலை வரும். மற்றவர்களின் பங்கை வாங்குவது அண்ணனுக்கும் எட்டக்கூடிய தொகையாகும். பங்கை விற்கும் மற்ற நால்வருக்கு இதில் நஷ்டம் இருக்கிறது என்பதை மறைக்க முடியாது; பிரான்சிலிருந்து தொலைபேசியில் அதைச் சொல்லியும் விட்டார்கள்.

உத்திரத்தின் கீழ் இப்போது ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். ஐப்பசி அடைமழை தொடங்கும் வரை அது தாங்கும் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார்.